மேல்பக்கத்துக் கட்டை

பெர்மாண்ட்சி, லண்டன்
4 அக்டோபர் 1934

மாப்பிள்ளை வில்ஃப்ரெடுக்கு,

நானும் என் பட்டறையும் சுகம். மழையோடு கூடவே இருமலும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நீயும் என் தங்கை லெட்டியும் நன்றாகத்தான் இருப்பீர்கள். ஷ்ராப்ஷயர் காற்றில் மூளையைத் தவிர வேறெதுவும் கெட்டுப்போவதில்லை.

நீ அனுப்பிய ஆஷ் மரக் கட்டைகள் வந்தன. ரயிலிலிருந்து இறக்கி வந்த வண்டிக்காரன் அவற்றைப் பார்த்துவிட்டு, "என்ன பெடோஸ், பட்டறையை மூடிட்டு வேலி போடக் கிளம்பிட்டியா?" என்று கேட்டான். வில்லைக் கண்ணால் பார்த்திராத வண்டிக்காரனுக்குத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து மரத்தடியில் கிடக்கும் உனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் சொல்கிறேன். கடைசி முறை என்று சொல்லமாட்டேன், உன் மண்டை எனக்குத் தெரியும். மரத்தின் பட்டையைப் பார். பட்டையின் வரிகள் நேராக மேலே ஏறினால் உள்ளே இழையும் நேராக ஓடும். வரி சுற்றிக்கொண்டு ஏறினால் விறகுக்குக்கூட அதை எனக்கு அனுப்பாதே. ஆள் உயரத்துக்கு ஒரு கணு இருக்கக் கூடாது. ஆண்டு வளையங்கள் தடித்திருக்க வேண்டும். ஆஷ் மரம் நல்ல மண்ணில் வயிறாரச் சாப்பிட்டு, வேகமாக வளர்ந்திருந்தால்தான் வில்லுக்கு உதவும். மெல்லிய வளையம் என்றால் பட்டினி கிடந்த மரம், ரொட்டிபோல உடையும். நீ அனுப்பியதெல்லாம் பட்டினி மரம். பாறை மேட்டில் வெட்டினாயா? கீழே இறங்கி வர முழங்கால் வலித்ததா?

அடுத்த செப்டம்பரில் எங்கள் வில்லாளர் சங்கத்தின் பெரிய போட்டி. சங்கத் தலைவர் கேப்டன் ஃபாரோ தன் கைக்கு ஒரு வில் கேட்டிருக்கிறார். உருப்படியாக ஒரே ஒரு கட்டை வேண்டும். முடியுமா முடியாதா என்று எழுது. லெட்டிக்கு என் அன்பு.

ஈனோக் பெடோஸ்


ரஷோப், ஷ்ராப்ஷயர்
27 அக்டோபர் 1934

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். லெட்டி தேனும் தைலமும் அனுப்புகிறாள். இங்கே இருவரும் சுகம். பன்றி கொழுத்துவிட்டது.

கட்டைகள் நன்றாக இல்லைதான். அவை பாறை மேட்டு மரங்களே. கீழே ஓடையோரத்து மரங்களை இந்த ஆண்டு எஸ்டேட்காரர்கள் துடுப்புக்காகக் குறித்துவிட்டார்கள், என் கை அங்கே போக முடியாது.

என் குத்தகைத் தோப்பில் நீங்கள் கேட்டபடி ஒரு மரம் இருக்கிறது. ஓடைச் சரிவில், கருப்பு மண்ணில் நிற்கிறது. பட்டை வரி கோடு போட்டதுபோல் நேராக ஏறுகிறது. ஆனால் மரம் ஓடைப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த ஆஷை வெட்டுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். மரமறுக்கும் வாள் பாதி போவதற்குள் தண்டு நெடுக்காகப் பிளந்து, அடி பின்னால் எகிறும். என்னோடு மரம் வெட்ட வரும் ஹாரி பெப்புடைய சித்தப்பா அப்படித்தான் போனார். அதனால் அதை விட்டுவைத்திருக்கிறேன். வேறு பார்க்கிறேன்.

தங்கள் நலம் விரும்பும்
வில்ஃப்ரெட் பிரீஸ்


பெர்மாண்ட்சி
6 நவம்பர் 1934

மாப்பிள்ளை,

தைலம் வந்தது. நாற்றம் தாங்காமல் இருமலே பயந்து போய்விட்டது. லெட்டியிடம் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ எழுதியதன் அர்த்தம் உனக்கே தெரியாது என்று புரிந்துகொண்டேன். அட மடையா, சாய்ந்த மரம்தானே எனக்கு வேண்டியது! அந்த மரம் விழாமல் நிற்பதற்காகத் தன் ஆயுள் முழுக்க மேல்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வில்லின் முதுகுக்கும், அதாவது குறியைப் பார்த்து நிற்கும் வெளிப்பக்கத்துக்கும், அதே வேலைதான். மேல்பக்கத்துக் கட்டையில் வில் செய்தால் அது பிறக்கும்போதே வேலை கற்றுக்கொண்டு பிறக்கிறது. நல்ல மண், நேர் இழை, சாய்ந்த தண்டு. இத்தனையையும் தோப்பில் வைத்துக்கொண்டு எனக்கு வேலிக்குச்சி அனுப்பியிருக்கிறாய்!

அந்த மரத்தையே வெட்டு. மேல்பக்கத்தைப் பிளந்து எடு. குளிர் முடிந்து மரத்தில் நீர் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும் என்பதையும் எழுதித்தான் தொலைக்க வேண்டுமா?

பெப்பின் சித்தப்பா கதையெல்லாம் எனக்கு எதற்கு? அந்த ஆள் குடித்துவிட்டு வெட்டப் போனார். ஊருக்கே தெரியும்.

ஈனோக்


ரஷோப்
2 டிசம்பர் 1934

அன்புள்ள அண்ணா,

கடவுள் புண்ணியத்தில் இங்கே சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. நீ கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் கருகிய பக்கம் அடியில் இருக்கிறது, சத்தம் போடாமல் சாப்பிடு.

இதை அவர் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அந்த மரத்தைப் பற்றி அவரை நெருக்காதே. வெட்ட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தண்டைச் சுற்றி இறுக்க நல்ல இரும்புச் சங்கிலி வேண்டும், கூட இரண்டு ஆள் வேண்டும் என்கிறார். சங்கிலி ஹாரி பெப்பிடம் இருக்கிறது. ஹாரி எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டு பிப்ரவரி கடைசியில்தான் வருவான். அதுவரை பொறு. உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க அண்ணன் என்னை மரத்தைக் கண்டு பயப்படுறவன்னு நினைக்கிறார் லெட்டி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

உன் தங்கை
லெட்டி


பெர்மாண்ட்சி
19 டிசம்பர் 1934

தங்கச்சிக்கு,

கேக் கிடைத்தது. கருகிய பக்கம்தான் நன்றாக இருந்தது.

உன் புருஷனுக்கு எழுதத் தெரியுமே? எதற்கு உன் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசுகிறான்? நானாகத்தான் எழுதுகிறேன் என்று நீ எழுதுவதைப் படித்துச் சிரித்தேன்.

அவனிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டு. நம் அப்பா எத்தனை சாய்ந்த மரம் வெட்டினார், எந்த மரத்துக்குச் சங்கிலி போட்டார்? சங்கிலி கேட்கிறவன் கோடரியைத் தொடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்கட்டும். நான் அப்போதே சொன்னேன், அந்தத் தோப்புக்காரனைக் கட்டாதே, அவன் மரத்திடம்கூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் வெட்டுவான் என்று. நீ கேட்கவில்லை.

ஜனவரிக்குள் மரம் விழவில்லை என்றால் ஹியர்ஃபோர்டில் வேறு ஆள் இருக்கிறான். அதன் பிறகு அவன் தன் மரங்களோடு குடித்தனம் நடத்திக்கொள்ளட்டும்.

உனக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அண்ணன்


ரஷோப்
13 ஜனவரி 1935

மச்சானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இருவரும் சுகம்.

நாளைக்கு வெட்டுகிறேன்.

வில்ஃப்ரெட்


ரஷோப்
24 மார்ச் 1935

அன்புள்ள அண்ணா,

நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இந்தக் குளிர்காலத்தில் வேலை சற்று அதிகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கட்டையை ரயிலில் ஏற்றிவிட்டேன். மேல்பக்கத்துக் கட்டைதான். இரண்டு முனையிலும் மெழுகு பூசியிருக்கிறது. பட்டையை உரிக்கவில்லை, கட்டை வந்ததும் நீயே உரித்துக்கொள்வாய் என்று. நீ கேட்டிருந்ததற்குப் பதில்: ஆமாம், மரம் ஓடைப் பக்கம்தான் விழுந்தது.

அவர் வீட்டில்தான் இருக்கிறார். இனிமேல் கணக்குவழக்கு, கடிதம், மரம் பார்ப்பது எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். உனக்கு மேற்கொண்டு கட்டை வேண்டுமானால் எனக்கே எழுது.

லெட்டி


பெர்மாண்ட்சி
15 ஏப்ரல் 1935

தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில் வந்ததும் இருமல் ஓடிவிட்டது.

கட்டை வந்தது. பட்டையை உரித்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். வளையம் ஒவ்வொன்றும் விரல் நகம் அகலம். இழை நுனி முதல் அடி வரை வழிதவறாமல் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆஷ் என் கைக்கு வந்ததில்லை.

பார்த்தாயா? யார் சொன்னது சரி? நான் மட்டும் காதைப் பிடித்துத் திருகாமல் இருந்திருந்தால் அது இன்னும் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அந்தப் பெரிய மனுஷன் இரண்டு வரி எழுதக்கூட இல்லை. கோபமோ? மரத்தை வெட்டிவிட்டதால் வீரனாகிவிட்டானா? நீ மரம் பார்க்கிறாயாம், அவன் வீட்டில் இருக்கிறானாம்! கணப்பருகே காலை நீட்டிக்கொண்டு பைப் பிடிக்கிறான் என்று நினைக்கிறேன். நல்ல குடித்தனம்!

சாதாரண வில்லுக்கு இன்னும் நான்கு கட்டை அனுப்பு. நேராக நிற்கும் மரமே போதும்.

ஈனோக்


பெர்மாண்ட்சி
20 ஜூலை 1935

தங்கச்சிக்கு,

நான்கு கட்டைகள் வந்து நாளாகிறது. கூடவே ஒரு கடிதம்கூட இல்லை. சுகம்தானே?

மூன்று பரவாயில்லை. ஒன்று திருகல். பட்டையிலேயே திருகல் தெரிகிறதே, அதைத் தேர்ந்தெடுத்தவர் கண்ணை அடகு வைத்துவிட்டா போனார்? உன் கண்ணோ, அவன் கண்ணோ, யார் கண்ணாக இருந்தாலும் வெட்கம்.

அது கிடக்கட்டும். கேப்டனின் வில் முடிந்துவிட்டது. லெட்டி, வயிற்றுப் பக்கம் நான் சீவிக்கொண்டே போகிறேன், முதுகு அசையவே இல்லை. முழு இழுப்புக்கு இழுத்து விட்டால், மறுபடி பார்க்கும்போது இழுத்த சுவடே இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. சங்கத்துக்காரர்கள் பட்டறைக்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கேப்டன், "மிஸ்டர் பெடோஸ், இந்த மரத்தை எங்க புடிச்சீங்க?" என்றார். "என் மாப்பிள்ளை ஒருத்தன் இருக்கான், அவனைத் திட்டினா மரம் வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

செப்டம்பர் போட்டிக்கு உன் புருஷனை வரச் சொல். மரம் வெட்டியவன் என்று ஓரமாக ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன். இதற்கும் பதில் வராது என்று தெரியும். கூப்பிட்டால் வர வேண்டியதுதானே? அவனுக்கு என்ன, காலா இல்லை?

அண்ணன்


ரஷோப்
4 ஆகஸ்ட் 1935

ஈனோக் அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருப்பது தெரிகிறது.

ஆமாம். இல்லை. இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. ஜனவரி பதினான்காம் தேதியிலிருந்து இல்லை.

உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "என் காலை வெச்சு உங்க அண்ணன் ஒரு கடுதாசி எழுதுவார் லெட்டி. அதை என்னால படிக்க முடியாது" என்றார். அதனால்தான் எழுதவில்லை. இன்று உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "எழுதிடு" என்றார்.

உன் டிசம்பர் கடிதத்தை நீ சொன்னபடி அவருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அதை அடுப்பில் போடாமல் வாசித்தேனே, அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கசப்பாக இருக்கிறது. கடைசி வரை கேட்டார். அப்புறம் நூல் நூற்பதைப் பற்றி ஒரு கேலி சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மாவுபோல் வெளுத்துப் போயிருந்தது முகம்.

ஹாரி இல்லை, சங்கிலி இல்லை, ஆள் இல்லை. வண்டிக் கயிற்றைத் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, குச்சி போட்டு முறுக்கினார். வாளின் மறுமுனையை நான் பிடித்தேன். ஆமாம், நான்தான். வேறு யார் இருந்தார்கள்? இழுக்க ஆரம்பிக்கும் முன் சரிவின் மேலே நான் ஓட வேண்டிய வழியில் மட்டும் பனியைச் சுத்தமாக வாரித் தள்ளினார். "நான் கத்தினா வாளை விட்டுட்டு அந்தப் பக்கம் ஓடு. திரும்பிப் பாக்காதே, வாளைப் பத்திக் கவலைப்படாதே" என்றார். "நீங்க?" என்றேன். "நான் உனக்கு முன்னாடி ஓடிடுவேன். உங்க அண்ணன் சொல்ற மாதிரி, பயந்தாங்கொள்ளியாச்சே" என்றார்.

வாள் பாதிகூடப் போகவில்லை. கயிறு அறுந்தது. அவர் கத்தியது கேட்டது. நான் ஓடினேன். பிளக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது, கோயில் மணிக்கூண்டே இடிந்ததுபோல. திரும்பிப் பார்த்தபோது அவர் பனியில் கால் சிக்கிக் கிடந்தார். அவர் பக்கத்துப் பனியை அவர் வாரியிருக்கவில்லை. பிளந்து எகிறிய அடித்தண்டு அந்தக் காலின் மேல் இறங்கியிருந்தது.

பால் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் என்ன சொன்னார் தெரியுமா? "மேல்பக்கம் பிளக்கலை, நான் பாத்தேன். கட்டை நல்லா இருக்கு. அதை ஈரத்துல விட்றாதே." காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹாரி திரும்பி வந்ததும் அவனை வைத்து அதை நான்தான் பிளந்தேன், நான்தான் மெழுகு பூசினேன், நான்தான் உனக்கு அனுப்பினேன்.

திருகல் கட்டையும் என் தேர்வுதான். அந்த மரத்தின் பட்டையில் நிழல் விழுந்திருந்தது, சரியாகப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பற்றி நீ எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து ஒரு மரத்தைக்கூட நிற்கும்போது பார்த்ததில்லை அண்ணா. பிளந்து, மெழுகு பூசி, ரயிலில் வருவதுதான் உனக்கு மரம். அதை வைத்துக்கொண்டு வெட்டுகிறவனுக்குப் பாடம் நடத்துகிறாய். அப்பா சங்கிலி இல்லாமல் வெட்டினாராம்! அப்பா சாய்ந்த ஆஷ் பக்கமே போகமாட்டார். சின்ன வயதில் உன்னை ஊர்ப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போதுகூட அதற்கு அடியில் நடக்கவிட மாட்டார் என்று அம்மா சொல்வாள். நீ மறந்தாயா, வேண்டுமென்றே பொய் சொன்னாயா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்கு உன் மேல் மரியாதை இல்லை.

போட்டிக்கு வர மாட்டோம். நாற்காலியை வேறு யாருக்காவது போடு.

லெட்டிஸ் பிரீஸ்


பெர்மாண்ட்சி
11 அக்டோபர் 1935

மாப்பிள்ளை வில்ஃப்ரெடுக்கு,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில், கயிற்றை இன்னும் நாலு சுற்றுச் சுற்றியிருந்தால் பிளந்திருக்காது என்று உனக்கே புத்தி சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்து, அதைத்தான் முதலில் கிழித்தேன்.

லெட்டி எழுதியது சரி. அப்பா சாய்ந்த ஆஷை வெட்டியதில்லை. எனக்குத் தெரிந்தேதான் எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் செய்ததைச் சொல்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் கேப்டன் வில்லை வாங்க வந்தார். இழுத்துப் பார்க்கும்போது முறிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் அதை நாலாக அறுத்து அடுப்பில் போட்டேன். அந்த வில்லைச் சுவரில் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. உன் காலை வாங்கிய வில்லால் ஒருவன் அம்பு விட்டுப் பரிசு வாங்குவதை என்னால் பார்க்க முடியாது. எனக்கும் கெட்ட பெயர்தான். சங்கத்தில் எல்லோரும், "பெடோஸ் செஞ்ச வில்லு கையிலயே முறியுதாம்" என்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு வேண்டியதுதான்.

நீ இதைப் புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன்.

ஈனோக்


ரஷோப்
20 அக்டோபர் 1935

மச்சானுக்கு,

நான் சுகம். மரக்கால் பொருத்தியிருக்கிறார்கள். ஆஷ் மரத்தில்தான் செய்திருக்கிறார்கள், வளையம் மெல்லியது, நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். லெட்டி உங்கள் கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்றாள். பிறகு படித்தாள்.

நான் புரிந்துகொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புரியவில்லை.

யாரைக் கேட்டு எரித்தீர்கள்? அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதற்குக் கால் கொடுத்தவன் நான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதெல்லாம் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அந்தக் கட்டை வீணாகவில்லை, எங்கேயோ ஒரு கையில் நல்ல வில்லாக வளைந்து நிமிரும் என்பதுதான். ஜூலையில் நீங்கள் அதைப் பற்றி எழுதியிருந்ததை லெட்டியிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். இழுத்த சுவடே இல்லாமல் நிமிர்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடம் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அதைப் போய் அடுப்பில் போட்டிருக்கிறீர்கள், உங்கள் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக. முன்னால் என்னைக் கேட்காமல் மரத்தை வெட்ட வைத்தீர்கள், இப்போது என்னைக் கேட்காமல் வில்லை எரித்தீர்கள். இரண்டு தடவையும் உங்களைப் பற்றியேதான் நினைத்தீர்கள். என் ஆயுளில் இவ்வளவு பெரிய முட்டாளை நான் பார்த்ததில்லை மச்சான். இதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

மேல்பக்கத்தை லெட்டி இரண்டாகப் பிளந்திருக்கிறாள். பாதிதான் உங்களுக்கு வந்தது. மறு பாதி எங்கள் கட்டிலுக்கு அடியில் உலர்ந்துகொண்டிருக்கிறது. "நல்ல பாதியை நான் குடுத்துடுவேனா?" என்கிறாள். அதை உங்களுக்கு அனுப்ப மாட்டோம். ரயிலில் ஏற்றினால் அது என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது.

உங்கள் சீவுளியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். சமையலறையில் இடம் ஒதுக்குகிறோம். என் கண்ணெதிரே செய்யுங்கள். நான் கணப்பருகே மரக்காலை நீட்டிக்கொண்டு, பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு சீவலுக்கும் குறை சொல்வேன். லெட்டி உங்களோடு பேசுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சாப்பாடு போடுவாள்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் ஏறினால் ஹாரி வண்டியோடு நிற்பான். கழுத்துத் துணி போட்டுக்கொண்டு வாருங்கள், இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

வில்ஃப்ரெட்